தீர்ந்துபோன கலத்தில் தீராத பொருள்கள்

டார்ச் விளக்கின் ஒளி மங்கிவிட்டது. "பாட்டரி தீர்ந்துவிட்டது" என்று சொல்லிப் பழையதை வீசிவிட்டுப் புதியதைப் போடுகிறோம். மாணவ நண்பர்களே, அதில் எது தீர்ந்தது என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

நமது டார்ச் கலத்தின் மூதாதை, 1866-இல் பிரெஞ்சுப் பொறியாளர் லெக்லாஞ்சி அமைத்த மின்கலம். சாதாரண டார்ச் கலத்தின் வெளிக்குவளை துத்தநாகத்தால் ஆனது, அதுவே எதிர்மின்வாய். நடுவில் ஒரு கரித்தண்டு. அதைச் சுற்றி மாங்கனீசு டை ஆக்சைடும் கரித்தூளும் சேர்ந்த கறுப்புக் கலவை. குவளைக்கும் கலவைக்கும் இடையே உப்புகள் கரைந்த ஈரப்பசை. பெயர்தான் உலர்கலம், ஈரம் இல்லாவிட்டால் அது வேலை செய்யாது!

மின்சாரம் பாயும்போது துத்தநாகம் எலெக்ட்ரான்களை இழந்து கரைகிறது. பழைய கலங்கள் ஓட்டையாகி ஒழுகுவது இதனால்தான். அந்த எலெக்ட்ரான்கள் விளக்கின் வழியே சுற்றி வந்து, மாங்கனீசு டை ஆக்சைடை வேறொரு சேர்மமாக மாற்றுகின்றன. கரித்தண்டு? அது எலெக்ட்ரான்கள் கடந்து செல்லும் பாலம் மட்டுமே. வினையில் அது செலவாவதில்லை. மாங்கனீசும் உருமாறி உள்ளேயேதான் இருக்கிறது.

அப்படியானால் இவற்றைக் கொண்டு மீண்டும் மின்சாரத்தைச் சேமிக்கலாமே! ஆய்வாளர்கள் அதைத்தான் செய்து பார்த்திருக்கிறார்கள். அவர்கள் செய்த கருவி மீமின்தேக்கி, அதாவது சூப்பர் கெப்பாசிட்டர். இதில் அயனிகள் மின்வாயின் மேற்பரப்பில் வரிசையாக ஒட்டி நின்று மின்னூட்டத்தைச் சேமிக்கின்றன. ஆகவே பரப்பு எவ்வளவு அதிகமோ, சேமிப்பும் அவ்வளவு அதிகம்.

கட்டியான கரித்தண்டின் பரப்பு மிகக் குறைவு. அதனால் தண்டை நீர்த்த கந்தக அமிலத்தில் நேர்மின்வாயாக வைத்து மின்சாரம் செலுத்துகிறார்கள். கிராபைட்டில் கார்பன் அணுக்கள் சீட்டுக்கட்டைப் போல் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. அயனிகள் அடுக்குகளுக்கு இடையே நுழைகின்றன. அங்கே உண்டாகும் வாயு அவற்றைப் பிரித்துத் தள்ளுகிறது. மெல்லிய ஏடுகள் உதிர்கின்றன. ஓர் அணு கனமே உள்ள ஏட்டின் பெயர் கிராபீன். 1 கிராம் கிராபீனை இப்படி முழுமையாகப் பிரிக்க முடிந்தால், இருபக்கமும் சேர்ந்து பரப்பு சுமார் 2,600 சதுர மீட்டர். ஏறத்தாழ 65 சென்ட் நிலம்!

கறுப்புக் கலவையைக் கழுவி, ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்த கந்தக அமிலத்தில் கரைத்தால் மாங்கனீசு சல்பேட் கரைசல் கிடைக்கும். அதைத் தூய்மைப்படுத்தி மின்சாரம் செலுத்தினால், நேர்மின்வாயில் மாங்கனீசு டை ஆக்சைடு மீண்டும் படிகிறது. இதுவும் மீமின்தேக்கிக்கு ஏற்ற மின்வாய்ப் பொருளே என்று 1999-இல் லீ, குட்இனஃப் இருவரும் காட்டினர். லித்தியம் அயனிக் கலத்துக்காக 2019-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் இந்தக் குட்இனஃப்.

மீமின்தேக்கி சில நொடிகளில் மின்னேற்றம் பெறும். லட்சக்கணக்கான முறை பயன்படும். ஆனால் அதே எடையுள்ள லித்தியம் கலத்தைவிட மிகக் குறைந்த ஆற்றலையே சேமிக்கும்.

இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. ஒரு சிறு கலத்திலிருந்து கிடைப்பது சில கிராம் பொருளே. ஊரெங்கும் சிதறிக் கிடக்கும் கலங்களை ஓரிடத்தில் சேர்த்தால்தான் இந்த வேலை கட்டுப்படியாகும். விற்ற கலங்களைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்களுக்கு அளித்து, 2022-இல் இந்திய அரசு விதிகள் வகுத்தது.

ஓர் எச்சரிக்கை: கலங்களை நீங்களே உடைத்துப் பார்க்காதீர்கள். அல்கலைன் கலத்தில் தோலை அரிக்கும் காரம் உண்டு. லித்தியம் கலம் தீப்பற்றும். பழைய கலங்களைக் குப்பையில் போடாமல் உங்கள் பள்ளியில் ஒரு பெட்டியில் சேர்த்து வையுங்கள். சேகரிப்பவரிடம் ஒப்படைக்க ஆசிரியரின் உதவியை நாடுங்கள்.