உங்களுக்குத் தெரியுமா? டேவ் திறந்துவிட்ட கதவு

தொண்ணூறுகளில் பெங்களூரின் பள்ளிக் கணினி அறைகளில், ஆசிரியர் வருமுன் கிடைத்த சொற்ப அவகாசத்தில் சிறுவர்கள் ஆடிக் களித்த ‘டேஞ்சரஸ் டேவ்’ என்னும் விளையாட்டு, ஜான் ரொமேரோ என்ற அமெரிக்க இளைஞர் 1988இல் ஆப்பிள் 2 கணினிக்கென இயற்றிய சிருஷ்டி. கோப்பையைக் கைப்பற்றினாலன்றிக் கதவு திறவாது என்ற ஒரே நியதியோடு பத்துக் கட்டங்களில் அமைந்த அது, ஒரு பிளாப்பியில் அடங்கி, மிகச் சாமானியமான கணினியிலும் ஓடியமையால், பையிலிருந்து பைக்கு மாறியே ஊரெங்கும் பரவிற்று.

ஆனால், டேவின் சரித்திரத்தில் அதியற்புதமான அத்தியாயம் 1990 செப்டம்பரில் நிகழ்ந்தது. திரைக்காட்சி தடையின்றி நகர்வது அக்காலச் சொந்தக் கணினிகளுக்கு எளிதில் வசப்படாதிருக்க, மாறிய பகுதிகளை மட்டும் புதிதாக வரைவது என்னும் உபாயத்தால் அதைச் சாதித்த ரொமேரோவின் சகா ஜான் கார்மக், மற்றொரு சகாவான டாம் ஹாலுடன் சேர்ந்து, ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3’இன் முதற்கட்டத்தை ஒரே இரவில் அப்படியே சமைத்து, மாரியோவின் ஸ்தானத்தில் டேவை நிறுத்தினார். இதன் தொடர்ச்சியாக அவர்கள் அனுப்பிய மாதிரியை, மாரியோவின் உரிமையாளரான நின்டெண்டோ ஏற்கவில்லை. எனினும் அந்த உத்வேகத்திலிருந்தே ‘கமாண்டர் கீன்’ விளையாட்டும், 1991இல் இட் சாஃப்ட்வேர் ஸ்தாபனமும், 1993இல் ‘டூம்’ விளையாட்டும் பிறந்தன.

விளையாடிய நகரமே பின்னர் விளையாட்டுகளைச் சமைக்கவும் தலைப்பட்டது, நெஞ்சார மகிழத்தக்க செய்தி. ராஜேஷ் ராவ் பெங்களூரில் நிறுவி, 1997 முதல் இத்துறையில் ஈடுபடுத்திய துருவா இன்டராக்டிவ், ‘ஃபோர்ஸா’ கார்ப் பந்தய விளையாட்டுகளுக்குச் சித்திர வேலை செய்தது. 2019இல் அதை ராக்ஸ்டார் கேம்ஸ் வாங்கியது.