நீரிறைப்புக்கும் நாற்று நடுகைக்கும் கூட்டு வேலைக் கணக்கு

நீரிறைக்கும் இயந்திரத்தை மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு அமர்த்தும் கமக்காரர், அது எவ்வளவு நேரம் தேவைப்படும் என்பதை முன்னரே அறிந்திருத்தல் நன்று. சொந்த இயந்திரமும் வாடகை இயந்திரமும் சேர்ந்து இறைக்கும்போது இக்கணக்கைப் பலர் பிழையாகவே போடுகின்றனர்.

ஒரு மிளகாய்த் தோட்டத்தில் 120 பாத்திகளும் இரு எல்லைகளில் இரு கிணறுகளும் உள்ளன எனக் கொள்க. ஒரு கிணற்றிலுள்ள சிறிய இயந்திரம் தனித்து 6 மணித்தியாலத்தில் தோட்டம் முழுவதற்கும் நீர் பாய்ச்சும். மற்றக் கிணற்றில் வைக்கப்படும் வாடகை இயந்திரம் 3 மணித்தியாலத்தில் பாய்ச்சும். இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு நேரம்? ஆறையும் மூன்றையும் கூட்டிப் பாதியாக்கி, நாலரை மணித்தியாலம் என்பர் சிலர். பெரிய இயந்திரம் தனியே மூன்றில் முடிக்கும் வேலை, துணை கிடைத்ததும் நாலரையாக நீளுவது எங்ஙனம்? விரைவாக இறைக்கும் இயந்திரம் தனித்து எடுக்கும் நேரத்திலும் விடை குறைவாக இருத்தல் வேண்டும். இல்லையேல் கணக்குப் பிழையென்று உடனே அறிந்துகொள்ளலாம்.

நேரங்களைக் கூட்டுதல் கூடாது; ஒரு மணித்தியாலத்தில் முடியும் வேலையையே கூட்டுதல் வேண்டும். சிறிய இயந்திரம் மணிக்கு 20 பாத்தி, பெரியது 40 பாத்தி, இரண்டும் சேர்ந்து 60 பாத்தி. ஆகவே 120 பாத்திகளுக்கும் 2 மணித்தியாலம் போதும். பாத்திகளின் தொகை தெரியாவிடினும் குற்றமில்லை. தோட்டம் முழுவதையும் ஒன்றெனக் கொண்டால், ஆறிலொரு பங்கும் மூன்றிலொரு பங்கும் சேர்ந்து மணிக்கு அரைப்பங்கு ஆகும். பின்னக் கணக்குச் சிரமமாயின், இரு நேரங்களாலும் மீதியின்றி வகுபடும் ஓர் எண்ணைப் பாத்திகளின் தொகையாக எண்ணிக்கொள்ளலாம்.

வாடகை இயந்திரம் சொன்ன நேரத்துக்கு வந்துசேர்வது அரிது. காலை 6 மணிக்குச் சொந்த இயந்திரம் தொடங்க, மற்றது 8 மணிக்கு வருகிறது எனக் கொள்க. அதற்குள் 40 பாத்திகள் நனைந்துவிடும். எஞ்சிய 80 பாத்திகளை மணிக்கு 60 வீதம் பாய்ச்ச 1 மணித்தியாலமும் 20 நிமிடமும் செல்லும். வேலை 9.20க்கு முடியும், வாடகையும் அந்த 80 நிமிடத்துக்கே உரியது.

நீர் வெளியேறும் வழி இருப்பின் கூட்டலுக்குப் பதிலாகக் கழித்தல் வரும். வயலொன்றில் வேண்டிய நீரை நிரப்ப ஓர் இயந்திரத்துக்கு 8 மணித்தியாலம் செல்லும். வரம்பிலுள்ள நண்டு வளைகளால் அந்நீர் முழுவதும் 24 மணித்தியாலத்தில் வடிந்துவிடும். மணிக்கு எட்டிலொரு பங்கு புக, இருபத்துநான்கிலொரு பங்கு வெளியேறுகிறது. மிஞ்சுவது பன்னிரண்டிலொரு பங்கு. எனவே 12 மணித்தியாலம் இறைத்தல் வேண்டும். நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது கசிவும் குறைவாதலால் இது அண்ணளவான கணக்கேயாம். ஆயினும், ஒரு கூடை சேற்றினால் வளைகளை அடைத்துவிட்டு இறைப்பவருக்கு அத்தனை எரிபொருள் செலவாகாது.

நடுகையில் வேறொரு சங்கடம் உண்டு. ஒரு கூட்டத்தார் 12 நாட்களிலும் மற்றக் கூட்டத்தார் 6 நாட்களிலும் நட்டு முடிக்கக்கூடிய வயலை, இரு கூட்டத்தாரும் சேர்ந்து 4 நாட்களில் முடிப்பர். ஆனால் நாற்றுப் பிடுங்குவோர் ஒரு நாளில் வயலின் ஆறிலொரு பங்குக்குரிய நாற்றையே கொடுக்க முடியுமாயின், நடுகை முடிய 6 நாட்கள் ஆகும். பிடுங்குதலும் நடுதலும் ஒன்றையொன்று தொடரும் வேலைகள்; அவற்றின் வேகங்களைக் கூட்டுதல் கூடாது. எது தாமதமோ அதுவே முழு வேலையின் காலத்தையும் நிர்ணயிக்கும். நடுவோர் வரம்பில் காத்திருக்கக் கூலி வீணாகும், நாற்றும் முதிரும். குறுகிய வயதுடைய நெல்லினங்களில் முதிர்ந்த நாற்றை நட்டால் மட்டம் வெடித்தல் குறைந்து விளைச்சல் கெடும். நடுவோருட் சிலரை முதல் நாளிலேயே நாற்றுமேடைக்கு அனுப்புதல் தக்கது.

ஒரே கிணற்றில் இரு இயந்திரங்களை வைப்போர் இன்னும் அவதானமாக இருத்தல் வேண்டும். ஊற்று மணிக்கு 30 பாத்திகளுக்குரிய நீரையே தருமாயின், தேங்கியிருந்த நீர் தீர்ந்தபின் எத்தனை இயந்திரம் வைத்தாலும் 30 பாத்திகளே நனையும். யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணக்கல் நிலத்தில் நன்னீர் உவர்நீரின் மேல் தங்கியிருப்பதால், அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகவும் கூடும். வெங்காயமும் மிளகாயும் உவரைத் தாங்குவன அல்ல.

ஊற்றின் வேகத்தை அறிவது எளிது. கிணற்றை ஓரளவு இறைத்து, இயந்திரத்தை நிறுத்தி, கல் கட்டிய கயிற்றினால் நீர்மட்டத்தை அளந்துகொள்க. ஒரு மணித்தியாலம் கழித்து மீண்டும் அளக்க. பத்தடிச் சதுரக் கிணற்றில் நீர் 2 அடி ஏறியிருப்பின், ஊறியது 200 கனவடி, அதாவது சுமார் 5,660 லீற்றர். அக்கிணற்றிலிருந்து மணிக்குத் தொடர்ந்து எடுக்கக்கூடிய நீர் அவ்வளவே.