'டக்' என்றதா, 'கர்ர்' என்றதா?

சுட்டிகளே, அந்தமானில் ஜிர்காடாங் என்று ஒரு சோதனைச் சாவடி உண்டு. பாராடாங் போகிற வண்டிகள் விடியும் முன்பே அங்கே வரிசையில் நிற்கும். அதைத் தாண்டினால் ஜாரவா மக்கள் வாழும் காடு. காவல் வண்டியோடு ஒன்றாகத்தான் போகவேண்டும், வழியில் எங்கும் நிறுத்தக் கூடாது.

ஒருநாள் அந்த வரிசையில் எங்கள் கார் அடம்பிடித்தது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினால் மறுபடி 'டக்'. அவ்வளவுதான்.

"மாமா, லைட் நல்லா எரியுதே! வண்டி மட்டும் ஏன் கிளம்ப மாட்டேங்குது?" என்று கேட்டாள் கூட வந்த குட்டிப்பெண். சபாஷ்! மெக்கானிக் கேட்கவேண்டிய கேள்வி அது.

உங்கள் பள்ளிக்கூட வாசற்கதவு பாதிதான் திறந்திருக்கிறது என்று வையுங்கள். இரண்டு மூன்று பேர் சுலபமாகப் போய்விடலாம். சாயங்காலம் மணி அடித்ததும் நூறு பேர் ஓடிவந்தால்? நெரிசல்தான்! முகப்பு விளக்கு ஒன்றுக்குச் சுமார் 5 ஆம்பியர் மின்சாரம் போதும். எஞ்சினைச் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கோ 100 ஆம்பியருக்கும் மேல் வேண்டும். புரிகிறதா?

அப்படியானால் எங்கள் காரில் பாதி மூடிய கதவு எது?

பின்னால் நின்ற வண்டியின் டிரைவர் அண்ணன் பானெட்டைத் திறந்தார். பேட்டரி முனையில் வெள்ளையும் நீலமுமாகப் பொடி பூத்திருந்தது, மாங்காய்த் துண்டில் அப்பிய உப்பைப் போல. பேட்டரிக்குள் ஆறு அறைகள். ஒவ்வொன்றும் சுமார் 2 வோல்ட் தரும், மொத்தம் 12. உள்ளே ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் இருக்கும். கசியும் அமில ஆவி முனையின் உலோகத்தை அரித்தால் இந்தப் பொடி வரும். மின்சாரத்தின் வழியை அடைத்த பாதி மூடிய கதவு இதுதான்! அந்தமானின் ஈர உப்புக்காற்று அரிப்பை இன்னும் வேகமாக்கும்.

அண்ணன் முதலில் கறுப்பு வயரைக் கழற்றினார், பிறகு சிவப்பை. இட்லிக் கடையில் சோடா மாவும் வெந்நீரும் வாங்கி ஊற்றினார். புசுபுசுவென்று நுரை! எலுமிச்சைச் சாற்றில் சோடா போட்டால் பொங்குமே, அதே வேலைதான். துடைத்து, சிவப்பை முதலில் மாட்டி, கடைசியாகக் கறுப்பை இறுக்கினார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமியது!

சாவியைத் தொடும் முன்பே விளக்கு மங்கலாக எரிந்தால் பேட்டரியிலேயே சார்ஜ் இல்லை என்று அர்த்தம். வேறு வண்டியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பலாம்.

சில நாள் 'கர்ர் கர்ர்' என்று எஞ்சின் நன்றாகச் சுற்றும், ஆனால் பிடிக்காது. அப்போது பேட்டரியைத் திட்டாதீர்கள், பாவம்! பெட்ரோல் வரவில்லை, அல்லது ஸ்பார்க் பிளக்கில் பொறி விழவில்லை. இக்னிஷன் காயில் அந்த 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தி பிளக்குக்கு அனுப்புகிறது. இரண்டு பருவமழையும் கொட்டும் தீவு இது. வெடித்த வயரில் ஈரம் ஏறினால் மின்சாரம் பிளக்கை அடையும் முன்பே கசிந்துவிடும், ஓட்டை விழுந்த ரப்பர் குழாயில் தண்ணீர் ஒழுகுவதுபோல.

நாளைக் காலை அப்பாவோ அம்மாவோ சாவியைத் திருப்பும்போது காதைத் தீட்டிக் கேளுங்கள். 'டக்' என்றதா, 'கர்ர்' என்றதா என்று அவர்களிடம் சொல்லுங்கள். பேட்டரியை மட்டும் நீங்கள் தொடவே கூடாது, கண்ணுகளா. அமிலம் தோலைப் பொசுக்கிவிடும்.