இயந்திரத்தின் பெயரும் பழுதின் மூலமும்

பழைய ஜப்பானியக் கார் இயந்திரங்களின் பழுதை ஆராயுமுன், உருளைத்தொகுதியிற் பொறித்த குறியீட்டை நாம் வாசித்தல் வேண்டும். நிசானின் ‘ஏ 12’ இல் எழுத்துக் குடும்பத்தையும், எண் ஏறத்தாழ 1200 (சரியாக 1171) கன சென்ரிமீற்றர்க் கொள்ளளவையும் சுட்டும். டொயோட்டாவின் ‘3கே’, ‘4கே’ என்பவற்றிலோ எண் குடும்பத்துள் வரிசையை மட்டுமே சுட்டும். இவ்விரண்டினதும் உருளை விட்டம் 75 மில்லிமீற்றர். பிஸ்ரன் வீச்சோ முறையே 66, 73. ஆதலின் வெளித்தோற்றத்தை நம்பிப் பாகம் வாங்குதல் தவறு.

அடுத்தது பழுது. அமுக்கம் குறைந்த உருளையினுள் பிளக் துவாரத்தால் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளத்தல் வேண்டும். அமுக்கம் உயரின் வளையங்களோ உருளைச் சுவரோ தேய்ந்துள்ளன. உயராவிடின் வால்வையோ காஸ்கெற்றையோ ஐயுறலாம்.

கருதுகோளும் சோதனையுமாகிய இம்முறையைத் தொழிலாளியின் கை நாளும் நிகழ்த்துகிறது. உழைப்பை அறிவினின்றும் பிரிக்கும் வர்க்கப் பார்வையே இதனை அறிவியலென ஏற்க மறுக்கிறது.