ஒரு மயிரே நாக்கு

பசித்த ஈயின் முன்னங்கால் சர்க்கரைக் கரைசலில் பட்டால் போதும், மடங்கியிருந்த உறிஞ்சுகுழல் சட்டென்று நீளும். வாய் நெருங்கும் முன்பே கால் ருசி பார்த்துவிட்டது. ஈக்களின் பசியைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உயிரியலாளர் வின்சென்ட் டெதியர், குழல் நுனியிலுள்ள மயிர்களில் ஒரே ஒன்றை இனிப்பால் நனைத்தாலும் இது நடப்பதைக் காட்டினார்.

அந்த ஒற்றை மயிர் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கைட்டினும் புரதமும் கலந்த கெட்டியான சுவர், உள்ளே குழல், நுனியில் ஒரே ஒரு துளை. மணம் அறியும் மயிர்களுக்குச் சுவரெங்கும் நுண்துளைகள் உண்டு. காற்றில் வருவது எந்தப் பக்கமிருந்தும் வரலாமே! சுவைக்கு நுனி போதும். மயிரின் அடியில் பெரும்பாலும் ஐந்து நரம்புச் செல்கள். ஐந்தாவது, மயிர் வளைவதை உணர்வதற்கு. மற்ற நான்கின் இழைகளும் துளைவரை நீள்கின்றன: அவற்றில் ஒன்று சர்க்கரைக்கு, ஒன்று உப்புக்கு, ஒன்று வெறும் தண்ணீருக்கே!

என்னை மிகவும் வியக்கவைப்பது மயிரினுள் குழலை நிரப்பியிருக்கும் திரவம்தான். அது இழைகளைக் காயவிடாமல் காக்கிறது, அதோடு நிற்பதில்லை. பொட்டாசியம் வழக்கமாகச் செல்லுக்கு உள்ளேதான் மிகுந்திருக்கும். இங்கே நரம்புச் செல்களுக்குத் துணையான செல்கள் அதை ஓயாமல் வெளியே, இந்தத் திரவத்துக்குள் இறைத்து, மின்னழுத்தத்தை ஏற்றிவைக்கின்றன. சர்க்கரை வந்து ஒட்டியதும் இழையின் சவ்விலுள்ள புரதம் திறக்கிறது, மின்னோட்டம் பாய்கிறது. 1955இல் ஹாட்ஜ்சன், லெட்வின், ரோடர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் கரைசல் நிரப்பிய நுண்ணிய கண்ணாடிக் குழாயை மயிர் நுனியில் மாட்டி அந்தத் துடிப்பைப் பதிவுசெய்தனர். ருசி காட்டிய கரைசலே மின்கம்பியாகவும் பயன்பட்டது; எவ்வளவு அழகான யோசனை!

அந்தப் புரதங்களின் மரபணுக்கள் 2000இல்தான் பழ ஈயில் அகப்பட்டன. இன்றைய கணக்கில் 60 மரபணுக்கள், 68 புரதங்கள். நான்கு புரதங்கள் கூடி ஒரு வாயிலாகின்றன. நம் நாக்கில் இனிப்பை அறியும் புரதங்களுக்கும் இவற்றுக்கும் உறவே இல்லை.

இலை தின்னும் புழுக்களுக்கு வாயருகே இதே அமைப்பில் சிறு முனைப்புகள் உண்டு. அவற்றில் 'வேண்டாம்' என்று சொல்லும் நரம்புச் செல்லும் இருக்கிறது. வேப்பங்கொட்டையிலுள்ள அசாடிராக்டின் பல புழுக்களில் அந்தச் செல்லைத் தூண்டுகிறது. சிலவற்றில் சர்க்கரைச் செல்லையும் மந்தமாக்குகிறது. வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த இலையைத் தின்னப் போன புழு, தின்னாமல் விலகுவது இதனால்தான்.