அலைன்மென்ட்டுக்குப் பணம் கட்டும் முன் அளந்து பாருங்கள்

2024 நவம்பர் கடைசியில் கரை கடந்த ஃபெஞ்சல் புயல், விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. அரசூரில் நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம் ஓடியது. அப்படிப்பட்ட மழைக்குப் பின் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துச் சாலைப் பள்ளங்களில் இறங்கி ஏறும் கார்களுக்கு அலைன்மென்ட் கெடுவது சகஜம். வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் மட்டும் தேயும். பட்டறையில் சொல்லும் தொகையைக் கட்டிவிட்டு வருகிறோம். என்ன கெட்டிருந்தது, என்ன சரிசெய்தார்கள் என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவுதான் டோ. இதை வீட்டு வாசலிலேயே அளக்கலாம். சமதளத்தில், டயர்களில் சரியான காற்றோடு, ஸ்டியரிங்கை நேராக வைத்துக் காரைச் சில அடி முன்னே தள்ளி நிறுத்துங்கள். இரு முன்டயர்களின் முன்பக்கத்திலும், சக்கர மையத்தின் உயரத்தில், பட்டனின் நடுவே சாக்பீஸால் ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, தரையில் விழும் இடத்தைக் குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையே டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பிறகு சக்கரம் அரைச் சுற்று சுற்றும்வரை காரை முன்னே தள்ளினால், அதே கோடுகள் பின்பக்கம் வந்து நிற்கும். மறுபடி குண்டு, மறுபடி அளவு. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசமே டோ. அதே கோடுகளை வைத்தே அளப்பதால் ரிம் லேசாக வளைந்திருந்தாலும் கணக்கு தப்பாது.

சிறிய காரில் டோ இருக்க வேண்டியதைவிட 2 மி.மீ. விலகியிருந்தாலே, ஒவ்வொரு முன்சக்கரமும் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1.7 மீட்டர் பக்கவாட்டில் உரசிக்கொண்டே ஓடும். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போய்ச் சேருவதற்குள் அறுபது மீட்டருக்கு மேல். சித்திரை வெயிலில், வேகத்தில், அப்படித் தேய்ந்த டயர் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. கார் டயரின் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.-க்குக் கீழே போனால் சட்டப்படியும் ஓட்டக் கூடாது.

அளப்பது எல்லோராலும் முடியும். திருத்துவதைத் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி, அதை இருபக்கமும் சமமாகத் திருப்பினால் டோ மாறும் என்பது உண்மைதான். ஆனால் டை ராட் எண்டிலோ பால் ஜாயின்ட்டிலோ ஆட்டம் இருந்தால் எத்தனை முறை வைத்தாலும் நிற்காது. நட்டைச் சரியாக இறுக்காமல் விட்டால் ஸ்டியரிங்கே கைவிட்டுவிடும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் போகவே போகாதீர்கள்.

பட்டறையில் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளின் பிரின்ட்டைக் கேளுங்கள். முந்தையது உங்கள் டேப் சொன்னதோடு ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும். சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவுதான் கேம்பர். ‘கேம்பர் கரெக்ஷன்’ என்று தனியாகப் பணம் கேட்டால் நிதானியுங்கள். நம் ஊரின் பல சிறிய கார்களில் முன்பக்க டோவை மட்டுமே திருத்த வழி உண்டு. கேம்பருக்குத் திருகவே இடமில்லாத காரில் எதை வளைக்கப்போகிறார்கள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

செய்யாத வேலைக்குப் பணம் வாங்கியிருந்தால் முதலில் எழுத்தில் கேளுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். வேலை சென்னையில் நடந்திருந்தாலும், திண்டிவனத்தில் குடியிருப்பவர் விழுப்புரத்திலேயே வழக்குத் தொடரலாம். டயரின் படம், பில், இரண்டு பிரின்ட் ஆகியவற்றை மனுவோடு இணையுங்கள். தேய்ந்த டயரைப் பழைய இரும்புக் கடையில் போடாமல் வழக்கு முடியும்வரை வீட்டில் வைத்திருங்கள்.