பேச்சிழந்தோர்க்கு மின்னூட்டமும் மொழிப்பயிற்சியும்

பாரிசவாதத்தால் வலக்கை சோர்ந்த ஒருவர் பேச்சையும் இழந்துவிடின், ‘புத்தி பேதலித்துவிட்டது’ என்று கூறுவோர் எமது திம்புள்ளத் தோட்டங்களில் இன்றும் உளர். இது பெரும்பிழை. அறிவு பெரும்பாலும் நிலைத்திருக்கச் சொல்லே அகப்படாது போகின்றது. கொழுந்துக் கூடையைக் கண்டால் அதன் பயனை அவர் அறிவார். ‘கூடை’ என்னுஞ் சொல் நாவில் எழாது.

1861 ஆம் ஆண்டிற் பாரிஸ் மருத்துவர் போல் புரோக்கா, எமது ‘தான்’ போன்றதோர் அசையையன்றிப் பிறிதொன்றுஞ் சொல்லவியலாதிருந்த நோயாளி ஒருவர் இறந்தபின் அவர் மூளையை ஆராய்ந்து, இடப்பக்க முன்மடலிற் சிதைவு கண்டார். பேச்சுக்குரிய இடம் மூளையில் உண்டென்பது அதனால் வலுப்பெற்றது.

அவ்விடத்தை மண்டையோட்டைத் திறவாமலே தூண்டும் முறைகள் இரண்டு இப்பொழுது ஆராயப்படுகின்றன. ஒன்று காந்தத் துடிப்பு. 1985 இல் இங்கிலாந்தின் ஷெபீல்டிற் பார்க்கர் குழுவினர் செய்துகாட்டியது. மற்றையது உப்புநீரில் நனைத்த பஞ்சுறைகளைத் தலைமேல் வைத்து, ஒன்று அல்லது இரண்டு மில்லி அம்பியர் மின்னோட்டத்தை ஏறத்தாழ 20 நிமிடம் செலுத்துவது. இம்மெல்லிய மின் தானாக ஒரு சொல்லையும் பிறப்பியாது. தொழிற்படும் நரம்பணுக்களை எளிதில் இணங்கச் செய்வதே அதன் வேலை. ஆதலின் மின் பாயும்போதே படங்காட்டிச் சொற்பயிற்சியும் நடத்தல் வேண்டும். ஈரம் மட்டும் இருந்து விதை இல்லாத நிலத்தில் எது முளைக்கும்?

2018 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் 74 பேர் பதினைந்து அமர்வுகள் பயின்றனர். மெய்யாக மின் பெற்றோர், பெயரளவிற் பெற்றோரினும் மிகுதியான பெயர்களைக் கூறினர்; எனினும் ஆய்வாளர் ‘மேலும் சோதிக்கத் தக்கது’ என்ற அளவில் நின்றனர். 2019 இன் கொக்ரேன் தொகுப்பாய்வும், பெயர் கூறலில் நன்மை தோன்றுவதாகவும், அன்றாடப் பேச்சில் அது நிறுவப்படவில்லையெனவும் உரைத்தது. தமிழாசிரியராகிய எமக்கு இது வியப்பன்று. ‘வந்தேன்’, ‘வந்தாள்’ என விகுதியே ஆளைக் காட்டும் மொழியிற் பெயர்கள் மீண்டமை பேச்சு மீண்டமையாகாது.

ஆதலின் மின்கருவியை விலைக்கு வாங்கி வீட்டிலே பரீட்சித்தல் தகாது. பயிற்சியே முதன்மையானது. பேச்சுச் சிகிச்சையாளரைக் களனிப் பல்கலைக்கழகத்தின் இராகமை மருத்துவ பீடம் பயிற்றுகின்றது. அவருட் தமிழ் வல்லார் பலர் மலையகத்துக்கு வேண்டும். எம் பழைய மாணவருள் இளையோர் இத்துறையை நாடலாம். பிறநாட்டுப் படங்களில் உள்ள பனிச்சறுக்கும் ஆப்பிளும் எம்மவர் நாவை அசையா. கொழுந்து, கவ்வாத்துக் கத்தி, மட்டக்கம்பு, பெரட்டுக்களம், காம்பரா, இஸ்தோப்பு: இவற்றைப் படமாக வரைந்து அட்டைகளாக்க எம் மாணாக்கரே போதும்.